மூணாவது ஸ்டெப்பில் நிற்கும் மூஞ்சி

ஸ்டெப்பு என்கிறவன் படம் போடக் கிளம்பினாலும் சரி, போட்டோ எடுக்கக் கிளம்பினாலும் சரி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் யாராவது ஒருவர் அலறாமல் இருந்ததில்லை. எங்கள் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். போனில் பாடம் பார்த்து, 'ஸ்டெப் ஒன், ஸ்டெப் டூ' என்று முணுமுணுத்துக்கொண்டே கற்றுக்கொள்வதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை நாங்கள் மறந்தே போனோம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் குடோன் தரையில் சாக்பீஸால் பெரிய உருண்டை போட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்திருந்தான். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"இன்னாய்யா இது, பூசணிக்காயா?"

"நீங்கதான் சார். மூணாவது ஸ்டெப்புல இருக்கீங்க. மூக்கு வர்றதுக்குள்ள பெல் அட்ச்சிட்டாங்க."

சூப்பர்வைசர் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

இப்பேர்ப்பட்டவன் என் பெண்ணைப் போட்டோ எடுக்க வருகிறேன் என்றான். எனக்கு யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. என் பெண்ணும் என்னைப் போலக் கூச்சக்காரிதான். கேமராவைக் கண்டால் முகம் இறுகிவிடும். வந்த வரன்கள் எல்லாம் போட்டோவோடு நின்றுபோயின. இப்போது மீஞ்சூரிலிருந்து ஒரு நல்ல இடம். பையன் படத்தைப் பார்த்ததும் முதல் முறையாக அவளும் சம்மதமாகத் தலையசைத்திருந்தாள். அவள் படத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், பட்டுப்புடவையில் இருந்த பெண்ணை வாசலின் ஒரு ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தினான்.

"நடுவுல நிறுத்துப்பா," என்றாள் என் மனைவி.

"நடுவுல நின்னா அது ஆதார் போட்டோ அண்ணி. ஓரமா நின்னாத்தான் படம் மூச்சு உடும்."

அடுத்த ஸ்டெப்பு, வெயிலைத் திருப்பி அவள் முகத்தில் அடிப்பதாம். எவர்சில்வர் தாம்பாளத்தைக் கையில் கொடுத்து என்னை ஸ்டூலில் ஏற்றினான்.

"இன்னும் தூக்கு அண்ணே... இன்னும்... அசையாத!"

தூக்கத் தூக்க லுங்கி முடிச்சு தளர்ந்தது. இரண்டு கையிலும் தாம்பாளம். மனைவி ஓடி வந்து லுங்கி முனையை இழுத்து என் வாயில் திணித்து, "கவ்விக்குங்க!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். என் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நொடியில் ஸ்டெப்பு போனில் க்ளிக் செய்தான்.

"சூப்பர்! பையன் ஊட்டுக்கு அனுப்பிட்டேன் அண்ணே."

போனை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் சிரிக்கிற பெண். படம் மூச்சு விட அவன் காலியாக விட்ட இடம் முழுக்க நான்! வாயில் லுங்கி, தலைக்கு மேல் தாம்பாளம், முட்டிக்கால் இரண்டும் வெளியே.

"அடப்பாவி, அழிடா அத!"

"பார்த்துட்டாங்க அண்ணே."

பெண்ணின் சிரிப்பு அடங்கி, கண் கலங்கிவிட்டது. அப்போதே போன் அடித்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"லுங்கியக் கவ்விக்கினு நிக்கிறாரே, அவரு யாரும்மா?" பையனின் அம்மா.

"பொண்ணோட... அப்பா."

அந்தப் பக்கம் வீடே சிரித்தது. "வர்ற போட்டோவுல எல்லாப் பொண்ணும் பரீட்ச எழுதுற மாதிரி நிக்குதுங்க. இதுதான் சிரிக்குது. அடுத்த வாரம் வர்றோம். அவரையும் ஊட்ல இருக்கச் சொல்லு."

பெண் கல்யாணமாகி மீஞ்சூர் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஞாயிறுதோறும் ஸ்டெப்பு வந்து என் முகத்தை வரைகிறான். நான் இன்னும் பூசணிக்காய்தான்.

"அவசரம் ஒண்ணும் இல்லியே அண்ணே?"

"மெதுவா போடுப்பா," என்கிறேன். மூக்கு வந்துவிட்டால் அடுத்த ஞாயிறு அவன் எதற்கு வருவான்?