சி, ஏ மைனர், இருமல், ஜி

கருங்கல்,
வியாழக்கிழமை.

ஆண்டவருக்குள் மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய என் கணவர் எட்சன் அவர்களுக்கு, மனைவி பெமிலா தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும், நாகர்கோவிலில் லேப் வேலைக்குப் போய்வரும் நம் மகள் ஜாஸ்மியும் கிருபையால் சுகம். மஸ்கட்டில் தங்கள் சுகமும், தங்கள் வலது முழங்காலின் சுகமும் அறிய ஆவல். இங்கே நல்ல மழை. முற்றத்துப் பலா இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது.

போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று தாங்கள் பதற வேண்டாம். வீடியோ காலில் உங்கள் அறைக்காரர்கள் நாலு பேரும் எனக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. மீதி நேரம் நீங்கள் வாயைத் திறந்தபடியே அசையாமல் நிற்கிறீர்கள். அதைப் பார்த்து மனசுவிட்டு என்ன பேச? அடுத்த வீட்டு ஷாஜன் லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிறான். மீன் ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் மன்னிக்கவும்.

முதலில் முக்கியமான காரியம். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் காண்ட்ராக்ட் போடவா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள். தாராளமாகப் போடுங்கள். இருபத்தாறு வருஷம் இருந்தவருக்கு ரெண்டு வருஷம் என்ன பெரிய காரியம்? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பொழுது போகவில்லை என்ற பேச்சே கிடையாது. ஏனென்றால் நான் கிட்டார் படிக்கிறேன்.

ஆமா, உங்களுக்க கிட்டார்தான். சிரிக்காதீங்க. ஆனி மாசம் பெஞ்ச மழையில படுக்கையறை ஒழுகிச்சு. அலமாரிக்கு மேல இருந்ததை எல்லாம் எறக்கும்போ அதையும் எறக்கினேன். உறையைக் கறையான் தின்னாச்சு. ஓட்டைக்குள்ள பல்லி முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சு ஒரு குடும்பமே சந்தோசமா இருந்திருக்கு. தூரப் போடலாம்ண்ணுதான் தூக்கினேன். கைபட்டு ஒரு கம்பி 'ம்ம்'ண்ணு ஒரு சத்தம் போட்டுது பாருங்க, நீங்க மத்தியானம் உறங்கி எழும்பும்போ போடுவியளே, அதே சத்தம். தூரப் போட மனசு வரல்ல. கம்பி மாத்த நாகர்கோவிலுக்குக் கொண்டு போவோம்ண்ணு ஜாஸ்மிக்க பழைய பூப்போட்ட போர்வையில சுத்தி எடுத்துக்கிட்டு வடசேரி பஸ்ல கேறினேன். நல்ல கூட்டம். ஒரு பெரியவர் எழும்பி, "பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்காதம்மா, இரு"ண்ணு எடம் தந்தாரு. பிள்ளை இல்லண்ணு சொல்லியிருக்கணும். கால் கடுத்துது, இருந்துட்டேன். இருந்த பெறகு என்ன செய்ய முடியும்? தட்டிக் குடுத்தேன். திங்கள்நகர் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டாரு. பிள்ளை 'ட்ரொய்ங்'ண்ணு கத்திச்சு. பெரியவர் என்னையப் பாத்தாரு. நான் ஜன்னலைப் பாத்தேன்.

கம்பி மாத்தியாச்சு. இனி யாரு வாசிக்க? நம்ம சர்ச் பாட்டுக் குழுவுல கிட்டார் வாசிக்கியாளே லிஜா, பி.எட். முடிச்சுட்டு வேலைக்குக் காத்திருக்கா, அவ சனிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹால்ல வகுப்பு எடுக்கா. போனேன். என்கூடப் படிக்கிய ஏழு பேரும் பத்து வயசுக்குக் கீழ. எனக்கும் அதே சின்ன பிளாஸ்டிக் கசேரதான் போட்டா. முதல் நாள் ஜெபத்துக்கு எல்லாரும் எழும்பினோம், கசேரயும் என்கூட எழும்பிச்சு. கண்ணை மூடி ஜெபிக்க வேண்டிய பிள்ளையள் ஒண்ணும் மூடல்ல. விரல் நுனி எல்லாம் கம்பி அறுத்து, நெத்திலி கழுவும்போ உப்பு பட்டு உயிர் போச்சு. ஜாஸ்மி, "அம்மா, இந்த வயசுல இது என்னத்துக்கு?"ண்ணு கேட்டா. "இந்த வயசுல வேற என்ன இருக்கு, நீ சொல்லு"ண்ணேன்.

மூணு நாலு கம்பியைச் சேத்து அமுக்கி ஒரே சத்தமா அடிக்கியதுக்குப் பேரு கார்டு. அதைப் பிடிக்கியதுகூட பரவாயில்ல. கேட்டுக் கண்டுபிடிக்கணுமாம். லிஜா எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்து அடிப்பா. எதுண்ணு நாங்க சொல்லணும். பிள்ளையள் 'ஜி', 'ஏ மைனர்'ண்ணு மிட்டாய் கேக்கிய மாதிரி கத்தும். எனக்கு ஒரு மாசம் எல்லாம் ஒண்ணு போலத்தான் கேட்டுது. அப்ப அவ சொன்னா, "ஆன்ட்டி, பேரை விடுங்க. சி அடிச்சா வீட்டுல இருக்கிய மாதிரி இருக்கும். ஜி அடிச்சா வாசல் வரைக்கும் வந்தாச்சு, உள்ள கேறல்ல. அவ்வளவுதான்." சொல்லிட்டு வாசிச்சவ, ஜி-யில நிக்கும்போ போன் வந்துதுண்ணு கிட்டாரை வச்சுட்டு வெளிய போயிட்டா. எனக்கு இருப்புக் கொள்ளல்ல. ஒரு நிமிசம் பாத்தேன், ரெண்டு நிமிசம் பாத்தேன். "ஏட்டி, சவத்தை அடிச்சு முடிச்சுட்டுப் போட்டி!"ண்ணு ஹால் அதிரக் கத்திட்டேன். பிள்ளையள் சிரிச்சுது. எனக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சு. விரல் வலியாக்கும்.

பெறகு, சொந்தமா நாலு கார்டு அடுக்கிக்கொண்டு வரச் சொன்னா. ஒரு வாரம் முழுக்க அடுப்படியில கிட்டாரும் கையுமா இருந்து, மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். சி, ஏ மைனர், எஃப், ஜி. எஃப் சரியா பிடிக்க வரல்ல, 'டப்'ண்ணுதான் கேட்டுது. ஆனாலும் போட்ட ஒடனே எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சு. இது நீங்க யூத் மீட்டிங்குல மெட்டுப் போட்டுப் பாடின பாட்டுல்லா! நம்ம ரெண்டு பேருக்கும் கல்யாணம் பேசுகதுக்கு முன்னால நீங்க கேசட்டுல பிடிச்சுத் தந்தியளே, அது. ஜாஸ்மி அதை எனக்க போன்ல ஏத்தித் தந்திருக்கா. பெருமையா லிஜாகிட்ட கொண்டு போய், "எங்க வீட்டுக்காரருக்க சொந்த மெட்டு, கேளு"ண்ணு வச்சேன். பிள்ளையளும் சுத்தி நிண்ணு கேட்டுது.

அவ கண்ணை மூடிக் கேட்டா. பெறகு கேட்டா, "ஆன்ட்டி, அங்கிளுக்கு அப்ப சளி உண்டுமா?"

"எதுக்கு?"

"இல்ல, எஃப் வாற எடத்துல எல்லாம் இருமுதாரு. சி, ஏ மைனர், இருமல், ஜி. மறுபடி சி, ஏ மைனர், இருமல், ஜி. அங்கிளுக்கு எஃப் பிடிக்கத் தெரியாது ஆன்ட்டி."

என் மனசு எப்படி இருந்திருக்கும்ண்ணு கொஞ்சம் யோசிங்க. உங்களுக்கு ஓர்மை இருக்கா? அந்த எடம் வந்தா நீங்க கிட்டார்ல இருந்து கையை எடுப்பிய, மெள்ள ஒரு இருமல் இருமுவிய, பெண்கள் பக்கம் மூணாவது பெஞ்சுல இருக்கிய என்னைய ஒரு நோட்டம் பாப்பிய. பக்கத்துல இருக்கிய பெண்ணுங்க எல்லாம் எனக்க இடுப்புல கிள்ளும். அந்த நோட்டத்தை நம்பியாக்கும் நான் கல்யாணத்துக்கு செரிண்ணு சொன்னது. அது கார்டு தெரியாதவருக்க சமாளிப்புண்ணு, அத்தனை வருசம் கழிச்சு, பல்லு விழுந்த ஏழு பிள்ளையளுக்கு முன்னால வச்சுத் தெரியவந்தா ஒரு பொம்பளை என்ன செய்வா? ஓணம் சமயம் மூணு நாள் நான் போன் எடுக்கல்ல, சார்ஜ் இல்லண்ணு சொன்னேனே, அது இதாக்கும்.

வீம்புதான், வேறென்ன. உங்களுக்கு வராத எஃப்-ஐ நான் பிடிச்சுக் காட்டணும்ண்ணு உக்காந்தேன். ஒரு விரலை வச்சு ஆறு கம்பியும் அமுக்கணும். பாத்திரம் கழுவும்போதும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கரண்டிக் காம்பை வச்சு அமுக்கிக்கிட்டே நிப்பேன். ரெண்டு மாசம். ஒரு நாள் பருப்பு வேகும்போ திடீர்ண்ணு ஆறு கம்பியும் ஒண்ணாச் சேந்து சுத்தமாக் கேட்டுது. நான் திரும்பத் திரும்ப அதையே அடிச்சுக்கிட்டு இருந்ததுல குக்கர் விசில் ஒண்ணும் காதுல விழல்ல. பருப்பும் கரிஞ்சுது, குக்கரும் கரிஞ்சுது. ஜாஸ்மி வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு நிண்ணா. "கேளு மக்கா, எஃப்!"ண்ணேன். "கரிஞ்ச வாடைதான்மா வருது"ண்ணா.

போன செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்துல உங்களுக்க பாட்டை நான் வாசிச்சுப் பாடினேன். சி வந்துது, ஏ மைனர் வந்துது. எஃப்-ஐ கச்சிதமாப் பிடிச்சேன், ஆறு கம்பியும் பேசிச்சு. பேசின அதே நேரம் எனக்குத் தொண்டையில இருந்து ஒரு இருமல் வந்துது. நானா இருமினதில்ல, அது தானா வந்துது. அந்தப் பாட்டை இத்தனை வருசமா இருமலோடயே கேட்ட காதுக்கு, அது இல்லாம அந்த எடத்தைத் தாண்ட முடியல்ல போல. கண்ணு ஆப்பரேசன் பண்ணி கடைசி பெஞ்சுல இருந்த செல்லக்கனி அக்கா சடக்குண்ணு நிமிந்து, "எட்டி, எட்சன் வந்தாச்சா?"ண்ணு கேட்டா.

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பாத்தாவ. நானும் திரும்பிப் பாத்தேன். அதாக்கும் வெக்கக்கேடு.

பெறகு பாட்டு முடியல்ல. தண்ணி குடிக்கியேன்னு வெளிய வந்துட்டேன். லிஜா பின்னால வந்தா. ஏதாவது சொல்லணும்ண்ணு, "எங்க வீட்டுக்காரருக்கு வராததை நான் பிடிச்சுட்டேன் பாத்தியா"ண்ணேன். அவ குடத்துல இருந்து எனக்குத் தண்ணி மோந்து தந்தா. பெறகு சொன்னா, "ஆன்ட்டி, ஒரு காரியம் யோசிச்சேன். எஃப் தெரியல்லண்ணா, ஏ மைனரையே அந்த எடத்துலயும் இன்னும் நாலு தட்டு தட்டியிருக்கலாம். மெட்டுக்கு அது ஒத்துப்போகும், ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. வாசிக்கியவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான். அங்கிளுக்கும் தெரிஞ்சிருக்கும். கையை எடுக்க வேண்டிய அவசியமே இல்ல."

அப்ப எதுக்குக் கையை எடுத்திய?

செவ்வாய்க்கிழமையில இருந்து இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், கிட்டார்கிட்ட. வீடியோ கால்ல கேட்டா நாலு பேரும் கேப்பாங்க. நீங்க வாயைத் திறந்து நிப்பிய, படம் அசையாது. எனக்குப் பதில் கிடைக்காது.

நிற்க. இத்தனையும் தங்களுக்கு ஒரு தகவலுக்காக எழுதினேனே தவிர வேறு உத்தேசம் ஒன்றும் இல்லை. வேலையைக் கவனமாகச் செய்யவும். மீன் ஊறுகாயை அறைக்காரர்கள் எடுக்கும் முன் தாங்கள் எடுத்துக்கொள்ளவும். அவர்கள் நாலு பேருக்கும் என் அன்பு. கர்த்தர் தங்களையும் தங்கள் முழங்காலையும் பத்திரமாகப் பாதுகாப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மனைவி,
பெமிலா எட்சன்.

பி.கு.: ஷாஜன் பெட்டி கட்டியாச்சுண்ணு வந்து நிக்கான், திரும்ப எழுத நேரம் இல்ல. மேல காண்ட்ராக்ட் போடுங்கண்ணு எழுதியிருக்கேன். நல்ல கையெழுத்துல விழுந்துபோச்சு, வெட்ட மனசு வரல்ல. போடாதீங்க. போட்டாச்சுண்ணா, வீட்டுக்காரிக்கு சொகமில்லண்ணு ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. காய்ச்சல்ண்ணு எழுதினா விடமாட்டாங்கண்ணு ஷாஜன் சொல்லுதான். அதனால கொஞ்சம் பெரிய சீக்கா, ஆனா மரியாதையான சீக்கா, நீங்களே பாத்து ஒண்ணு போடுங்க. எது போட்டாலும் எனக்கு சம்மதம். அங்க இருந்து யாராவது போன்ல விளிச்சு விசாரிச்சா, நான் படுத்துக்கிடுதேன்.