தாழம்பாய்க்கு ஒரு படுக்கை

எங்கள் ஊர்க் கூடத்தில் பெரியவர் ஒருவர், கடலுக்குப் பயப்படுகிற ஆண்பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னார். முதல் பாதியில் நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கூடமே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யாரைச் சொன்னார் என்பது மட்டும் தெரியும்.

நான் தராவாத் தீவுக்காரன். எங்கள் வீட்டில் காலை நீட்டினால் கடல், கையை நீட்டினால் காயல். ஃபிஜியில் இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோதுகூட விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன். எங்கள் மொழியிலும் படித்தவன், ஆங்கிலத்திலும் படித்தவன். அதனால் இரண்டிலும் பயப்பட முடியும்.

அப்பேர்ப்பட்டவனிடம் என் மனைவி அகெனெதே, மீன் ஆய்ந்துகொண்டே, தெற்கே இருக்கும் துவாலுத் தீவுக்குப் போகிறோம் என்றாள். அங்கே வாழ்க்கைப்பட்ட அவள் அக்கா மேரேயின் பேரனுக்கு முதல் பிறந்தநாள். அக்காவைப் பார்த்து ஒன்பது வருஷமாகிறது. விருந்தில் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை எழுந்து நாலு வார்த்தை பேசாவிட்டால் அக்காவுக்குத் தலைகுனிவாம். சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருக்கும் அவள் தம்பி ருவாது இரண்டு படுக்கை பிடித்து வைத்துவிட்டானாம்.

"கப்பல்லயா?" என்றேன்.

"பின்ன, நீந்தியா?"

துறைமுகத்துக்குப் போய்க் கப்பலைப் பார்த்தேன். ஓர் ஆள் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டச் சுரண்டத் துரு வந்தது. எப்போதாவது இரும்பு வருமா என்று நின்று பார்த்தேன். அவனுக்கே சலித்துப்போய், சுரண்டுவதை விட்டுவிட்டு வெள்ளைப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தான். மேலே உயிர்காக்கும் மிதவை ஒன்று தொங்கியது. அதில் வேறொரு கப்பலின் பெயர் எழுதியிருந்தது. அந்தக் கப்பல் இப்போது எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. குளிக்கிற வாளியில் தண்ணீர் தளும்பினாலே கண்ணை மூடிக்கொண்டேன். வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். சொல்லிவிட்டு எந்த வீட்டில் சாப்பிடுவது?

கடைசியில் ஊர் வழக்கம்தான் கைகொடுத்தது. புபுசி. சொந்தக்காரன் வீடு தேடி வந்து, உட்கார்ந்து, இது எனக்கு வேண்டும் என்று புபுசி கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னவன் அப்புறம் ஊர்க் கூடத்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. நான் ஊர் திரும்பிய முதல் மாதமே என் சைக்கிளும் ரேடியோவும் நல்ல செருப்பும் அப்படித்தான் போயின. இத்தனை நாள் என்னை மொட்டையடித்த வழக்கம் ஒரு தடவை காப்பாற்றட்டுமே.

என் சித்தப்பா மகன் கபோவாவைப் பிடித்தேன். அகெனெதே வீட்டில் இருக்கும்போது வந்து என் படுக்கையைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கேட்டால் மட்டும் போதும், கப்பலேற வேண்டாம் என்றதும் அவனுக்கும் உயிர் வந்தது.

வந்தான். உட்கார்ந்தான். இளநீர் குடித்தான்.

"அண்ணே, புபுசி. கப்பல்ல உங்க படுக்கை எனக்கு வேணும்."

நான் முகத்தில் துக்கத்தை வரவழைத்தேன். அகெனெதே தாழம்பாய் முடைவதை நிறுத்தவே இல்லை.

"கேட்டுட்டானே, என்ன செய்யறது?" என்றேன்.

"குடுத்துடுங்க. மாட்டேன்னா சொல்ல முடியும்? வழக்கமாச்சே."

அன்றைக்குத்தான் சோறு ருசித்தது. நான் சாப்பிடுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் மச்சினன் ருவாது வந்தான். என் மேல் அவனுக்குத் திடீரென்று மரியாதை கூடியிருந்தது. பாயின் ஓரத்தில் பணிவாக உட்கார்ந்தான்.

"மச்சான், உங்ககிட்ட ஒரு புபுசி."

வீட்டில் இனிமேல் கேட்க என்ன மிச்சமிருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன்.

"என்ன வேணும்பா?"

"நீங்கதான் வேணும். அடுப்படியில என்கூட நின்ன ஆள் வேலையை விட்டுட்டான். துவாலு போய்த் திரும்புற வரைக்கும் வெங்காயம் உரிச்சுக் குடுத்தாப் போதும்."

பதிலுக்கு அவனிடம் நான் ஏதாவது புபுசி கேட்கலாமா என்று யோசித்தேன். உயிரைத் தவிர எதுவும் தோன்றவில்லை. அகெனெதேயைப் பார்த்தேன். அவள் முடைந்து முடித்த பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் படுக்க இடமில்லையே. கபோவாவுக்குக் குடுத்தாச்சே," என்றேன்.

"கபோவா எங்கயும் போகலியாமே. அவன் பொஞ்சாதி சொன்னா," என்றாள் அவள்.

நான் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தேன்.

"அதான் நேத்தே அவங்க வீட்டுக்குப் போய் அந்தப் படுக்கையை நான் புபுசி கேட்டு வாங்கிட்டேன்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "அப்ப எனக்குத்தானே?"

"அக்காவுக்குக் கொண்டுபோற பாய்க்கட்டுக்கு. கீழ போட்டா நனைஞ்சிடும். நீங்க அடுப்படியிலயே எங்கயாவது சாஞ்சுக்குங்க."

"அரிசி மூட்டை இருக்கு மச்சான். மெத்தை மாதிரி," என்றான் ருவாது.

இரண்டு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். வெங்காயம் உரிக்க வருகிறேன் என்றேன்.