கூஜாவுக்குள் போன கொழுக்கட்டை

வடக்குச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.
18-6-1962

'வீட்டுக்குள்ளே விஞ்ஞானம்' பக்கம் எழுதும் மகாராஜஸ்ரீ ஆசிரியர் அவர்களுக்கு, கோதை அநேக நமஸ்காரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். கூஜாவும் சௌக்கியம். கூஜாவைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

சார், உங்கள் பக்கத்தை நான் ஒரு மாதம்கூட விட்டதில்லை. தண்ணீரில் ஊசி மிதக்கவிட்டேன். டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, அட்டையால் மூடிக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்பா நம்பாமல் அட்டையைத் தொட்டுப் பார்த்ததில்தான் பஞ்சாங்கம் நனைந்தது. போன மாதம் முட்டைச் சோதனை எழுதியிருந்தீர்கள். புட்டிக்குள் எரியும் காகிதத்தைப் போட்டு, அவித்து உரித்த முட்டையை அதன் வாயில் வைத்தால், உள்ளே சூடான காற்று ஆறிச் சுருங்க, வெளிக்காற்று முட்டையை உள்ளே தள்ளிவிடும் என்று. எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே மனதுக்குள்தான் படிக்க வேண்டும். அவித்த முட்டை எப்படி இருக்கும் என்று என் வகுப்பில் படித்த லூர்துராணியிடம் கேட்டேன். "கொழுக்கட்டை மாதிரி வழவழன்னு இருக்கும்டி" என்றாள். அவள் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அந்தச் சமயம் பார்த்து மெட்ராஸிலிருந்து வேணுகோபால் பெரியப்பா வந்திருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிய என்னைக் காலேஜில் சயின்ஸ் குரூப்பில் சேர்ப்பதா, தையல் கிளாஸுக்கு அனுப்புவதா என்று அப்பாவால் முடிவு பண்ண முடியவில்லை. அண்ணா சொல்கிறபடி என்று விட்டுவிட்டார். பெரியப்பா ஊர் திரும்பும் நாளன்று அம்மா கொழுக்கட்டை பண்ணினாள். அப்பாவும் பெரியப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஊறுகாய் ஜாடிக்கு வாய் பெரிசு, மண்ணெண்ணெய் புட்டிக்குச் சிறிசு, அளவாக அமைந்தது பெரியப்பாவின் பித்தளைக் கூஜா ஒன்றுதான். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு அதில் காவேரித் தீர்த்தம்தான்; அதையும் தூக்கி அண்ணாந்துதான் குடிப்பார். யாராவது அதில் உதடு வைத்துவிட்டால் அன்றோடு அந்தக் கூஜாவைத் தலைமுழுகிவிடுவார்.

காகிதத்தைக் கொளுத்திப் போட்டேன். கொழுக்கட்டையின் மூக்கைத் தட்டிச் சரிபண்ணி வாயில் உட்கார வைத்தேன். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு டொப்பென்று உள்ளே போய்விட்டது. சார், எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. எடுப்பது எப்படி என்று பார்த்தால், கடைசி வரியில் 'வெளியே எடுக்கும் விதம் அடுத்த இதழில்' என்று போட்டிருக்கிறீர்கள். பெரியப்பாவுக்கு வண்டி சாயங்காலம்.

நான் கொல்லைப்பக்கம் கம்பி தேடப் போன நேரத்தில் அம்மா கூஜாவில் தீர்த்தம் நிரப்பி வைத்துவிட்டாள். பெரியப்பா கோயிலிலிருந்து தாகத்தோடு வந்து அதைச் சாய்த்தார். கரித்தண்ணீர் நாலு சொட்டு வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. உள்ளே பார்த்தார். "ரங்கா, உள்ளேர்ந்து ஏதோ வெள்ளையா என்னைப் பாக்கறதுடா" என்று அப்பாவிடம் நிதானமாகச் சொன்னார். அம்மா தவளையாக இருக்கும் என்றாள். தவளை என்று ஆன பிறகு சும்மா இருக்க முடியுமா, காற்று சுருங்குவதிலிருந்து எல்லாவற்றையும் நானே சொன்னேன். வேகத்தில், "முட்டைக்குப் பதிலாத்தான் பெரியப்பா போட்டேன்" என்றும் சொல்லிவிட்டேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

கத்தியால் கிளறி எடுத்துவிடலாம் என்றார் அப்பா. பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கத்தியால எடுக்கறதுக்கு எதுக்குடா காலேஜ்? போட்டவளே எடுக்கட்டும். முழுசா வந்தா சயின்ஸ். உடைஞ்சா தையல்."

எனக்குக் கை காலெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. ஜில்லென்றதும்தான் தோன்றியது: காற்று ஆறினதால்தானே உள்ளே போச்சு, சூடு பண்ணினால்? தண்ணீரை வடித்தேன். கூஜாவைக் கவிழ்த்து அப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்; கொழுக்கட்டை வந்து வாயை அடைத்துக்கொண்டது. வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை, சுளுக்குக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி கூஜாவைச் சுற்றிப் போர்த்தினேன். ஒரு துண்டு ஆறிப்போச்சு. அடுத்த துண்டுக்குக் கொழுக்கட்டை மெல்லத் தலையை நீட்டியது. பெரியப்பா சந்நிதியில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையைக் குவித்துக் கீழே நீட்டினார். டொப்.

முழுசாக வந்தது, சார். கொஞ்சம் கரி, அவ்வளவுதான். பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "சயின்ஸ் குரூப்னே எழுதிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்துத் தரும்படி என்னிடமே கொடுத்தார்.

ஆகையால் சார், இனிமேல் ஒன்றை உள்ளே போடும் வழியை எழுதினால், வெளியே எடுக்கும் வழியையும் அதே இதழில் எழுதிவிட வேண்டுமென்று ரொம்பவும் கேட்டுக்கொள்கிறேன். எல்லார் வீட்டிலும் பெரியப்பாக்கள் வந்து போகிறார்கள். தங்களுக்கும் அங்கே அச்சுக் கோக்கிறவர்களுக்கும் ரங்கநாதன் ஒரு குறையும் வைக்க மாட்டான்.

இப்படிக்கு,
தங்கள் பக்கத்தை முதலில் பிரிக்கும் வாசகி,
ர. கோதை

பி.கு.: இதை ஒட்டப் போகும்போது தபால்காரர் உங்கள் புது இதழைக் கொடுத்துவிட்டுப் போனார். 'புட்டியின் வாயில் உதட்டை நன்றாகப் பொருத்தி, பலமாக ஊதவும்' என்று போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கே இதைப் படித்திருந்தால் பெரியப்பா எதிரிலேயே ஊதியிருப்பேன். இந்நேரம் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பேன். மேலே நான் கேட்டுக்கொண்டதை மறந்துவிடுங்கள். வெளியே எடுக்கும் விதம் எப்போதும் அடுத்த இதழிலேயே வரட்டும்.