கதவு வைத்தால் வரி உண்டு

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான், அவர், எட்டு மாதத்துச் சுண்டு, மூவரும் நலம். ஆனால் இரண்டு வீடுகளில் நலம். வரி ஆலோசகரான உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: சுவரில் எத்தனை அங்குலம் வரை ஓட்டை போட்டால் அது கதவு ஆகாது?

சிரிக்காதீர்கள். குழந்தைக்கு ஓர் அறை கட்டலாம் என்றுதான் ஆரம்பித்தோம். நீங்கள்தான் போனில், "இருக்கிற வீட்டோட சேர்த்து ரூம் கட்டினா செலவுல அஞ்சுல ஒரு பங்கு விற்பனை வரி. புது வீடுன்னா ஒத்தப் பைசா கிடையாது" என்றீர்கள். நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னதை உங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. விதிகளை வரவழைத்துப் படித்தார். தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் குளியலறை, தனிக் கதவு எண் இருக்க வேண்டும், பழைய வீட்டிலிருந்து உள்ளே போக வழியே இருக்கக் கூடாது, அப்படியென்றால் அது அறை இல்லை, வீடு. "இவ்வளவுதானே!" என்றார். இன்னும் ஒரு பல் முளைக்காத பிள்ளைக்கு அடுப்பு மேடையோடு சமையலறை வந்தது. வாசலில் காலிங்பெல் வந்தது. இதற்கெல்லாம் ஆன செலவையும் மிச்சமான வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒரு வாரமாகச் சுண்டுவுக்குப் பகல் தூக்கம் அங்கேதான். அவன் சிணுங்கினால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி, என் பிள்ளை வீட்டுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. நேற்று மழையில் குடையும் பால்புட்டியுமாக ஓடினேன். எதிர்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "எங்க இவ்வளவு அவசரமா?" "பையன் வீட்டுக்கு." "அதுக்குள்ளயா தனிக்குடித்தனம்? மருமக சரியில்லையோ?" அவளுக்குச் சிரிப்பு. கொத்தனாரிடம் ஒரு சின்னக் கதவு வைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். "வெப்பேம்மா. நான் வெச்ச நிமிஷம் இது வீடு இல்ல, ரூம். வெக்க மாட்டேன்னு சாரு எங்கிட்ட எழுதியே வாங்கிட்டாரு" என்றார்.

இன்று மத்தியானம் வரி ஆய்வாளர் வந்தார் சித்தப்பா. "இங்க யார் குடியிருக்கா?" என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளை தொட்டிலைக் காட்டினார். "தனியாவா?" "ராத்திரி துணைக்கு நான் படுத்துக்குவேன் சார். விருந்தாளியா." "அப்ப இந்தம்மா?" "அவங்க பக்கத்து வீடு சார்." ஐந்து வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர், கண்ணிமைக்காமல் சொல்கிறார், பக்கத்து வீடாம்! ஆய்வாளர் சுவர் நெடுகத் தட்டிப் பார்த்தார். "பத்து நாள்ல திரும்ப வருவேன். ஒரு கதவு கண்ணுல பட்டுதுன்னா, மொத்த வரியும் அபராதத்தோட கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, இன்றுதான் முதல் ராத்திரி. அவர்கள் இருவரும் அங்கே, நான் இங்கே. சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை போர்வையை உதைத்துத் தள்ளியிருப்பானா, பசித்து அழுதால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத இந்த மனிதர் எழுந்து பால் கலப்பாரா? கதவு கூட வேண்டாம் சித்தப்பா, கையை விட்டு அவன் முதுகைத் தட்டுகிற அளவுக்கு ஓர் ஓட்டை போதும். எந்த விதியைக் காட்டியாவது அதைச் சட்டப்படி ஆக்கிக் கொடுங்கள். நீங்கள் பதில் எழுதும்வரை நான் கண்மூடப் போவதில்லை.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் மூட்டுவலி முழங்காலைத் தாண்டி மாடி ஏறாமல் இருக்கட்டும். உங்கள் ஆசீர்வாதத்தை இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்பவும்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுக்காரி

பி.கு.: காலை எட்டு மணிக்கு இதை எழுதுகிறேன். பேனாவை மூடியது ஞாபகம் இருக்கிறது, பிறகு எதுவும் ஞாபகம் இல்லை. சுண்டு நாலு தடவை எழுந்து ஊரைக் கூட்டினானாம். அவரே பால் கலந்து, தோளில் போட்டு விடிய விடிய நடந்தாராம். வீங்கின கண்ணோடு வந்து, "வரியக் கட்டிடறேன், சுவத்த இடிச்சிடலாம்" என்று கெஞ்சுகிறார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறேன் சித்தப்பா! மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிடுங்கள். இதற்கு மட்டும் உடனே பதில் போடுங்கள்: அந்தச் சுவரை இன்னும் ஒரு செங்கல் கனமாக்கினால், வரி உண்டா?