சகலையின் நாற்பது அர்ப்பான்

மரியாதைக்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு, மூத்த மருமகன் பர்னபே வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மகள் ஸெலியும் திராட்சைக் கொடிகளும் ஆண்டவர் தயவில் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலி தணிந்து, தாங்கள் படியேறி இறங்கும்படி ஆகியிருக்கும் என்று நம்புகிறேன்.

எனக்குப் பொறாமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மாமா, ஒவ்வொரு புனித மார்த்தின் திருநாளிலும் வறுத்த வாத்து மேசைக்கு வந்ததும் "நாப்பது அர்ப்பான்காரன் வெட்டட்டும்" என்று கத்தியைத் தூக்கி இளைய மருமகன் அன்செல்மிடம் கொடுக்கிறீர்களே, அவனும் சிரித்துக்கொண்டே தொடையைத் தங்களுக்கும் நெஞ்சைத் தன் பெண்டாட்டிக்கும் வைத்துவிட்டு, இருபத்தெட்டு அர்ப்பான் நிலம் மட்டுமே உள்ள எனக்குக் கழுத்தைத் தள்ளுகிறானே, மூத்தவன் நான் அதைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தொண்டையில் இறங்குவது கறியா என்று என்றைக்காவது நினைத்துப் பார்த்தீர்களா? ஸெலியிடம் சொன்னால் அவள் என்னையே கேட்கிறாள்: "ஏங்க, அவரு நெலத்தப் பத்தி இந்த வீட்ல வேற யாராச்சும் பேசறாங்களா? நீங்கதான் தெனம் நாலு தரம் சொல்லிக்கிட்டிருக்கீங்க."

இந்தப் புத்தாண்டிலிருந்து அடி, பவுண்டு, அர்ப்பான் எதுவும் செல்லாது, இனி மீட்டர், கிலோ, ஹெக்டேர்தான் என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது ஊரோடு சேர்ந்து நானும் திட்டினேன். அப்புறம் ஒரு நாள் மதுக்கடையில் வாத்தியார் லுபேன், அர்ப்பான் என்பது ஒன்றல்ல, ஊருக்கு ஊர் வேறு, நம் பக்கத்தில் காட்டிலாகாவின் பெரிய அர்ப்பான், பாரிஸ் பக்கம் சின்னது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அன்செல்மின் ஊர் பாரிஸ் சாலையில்தானே இருக்கிறது! கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அவர் காலடியில் மாணவனாக உட்கார்ந்தேன். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் ஓர் ஆர், நூறு ஆர் ஒரு ஹெக்டேர், இவ்வளவுதான் என்றார். இவ்வளவுதானாம். அளக்கக் கயிறு வாங்கச் சந்தைக்குப் போய், பத்து மீட்டருக்கு டெகாமீட்டர் என்று கேட்பதற்குப் பதில் டெசிமீட்டர் என்று கேட்டுத் தொலைத்தேன், கடைக்காரன் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரு சாண்கூடத் தேறாத துண்டை வெட்டி, காகிதத்தில் சுற்றி, "வேற ஏதாச்சும் வேணுங்களா?" என்றான். வாத்தியார்தான் மனமிரங்கிப் பள்ளிக்கூடத்துப் பத்து மீட்டர்ச் சங்கிலியைக் கொடுத்தார்.

சங்கிலியின் மறுமுனையைப் பிடித்த ஸெலி பாதித் தோட்டத்திலேயே "அடுப்புல சூப் இருக்கு" என்று போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் தனியாக இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வாய்க்காலில் மல்லாந்தேன். அந்த நேரம் பார்த்து, வேறு யாரும் வரக்கூடாதா, அன்செல்ம்தான் வண்டியில் வந்தான். என்னைத் தூக்கிவிட்டு, தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தி, "ஒத்த ஆளா அளக்க முடியுமாண்ணே? இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்" என்று சீட்டியடித்துக்கொண்டே சாயங்காலம்வரை பிடித்தான். எதற்காக அளக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய இந்த நல்ல குணம்தான் மாமா எனக்கு ஆகவே ஆகாதது.

நீளம் ஐம்பத்தைந்து சங்கிலி, அகலம் இருபத்தாறு. பெருக்கினால் ஆயிரத்து நானூற்று முப்பது. அன்று மதுக்கடையில் எனக்கு ஆயிரத்து நானூற்று முப்பது ஹெக்டேர் என்று சொல்லிவிட்டேன். அது ஆர், ஹெக்டேராக்க நூறால் வகுக்கணும் என்பது அவசரத்தில் மறந்துபோச்சு. "அப்ப நாங்கல்லாம் உங்க நெலத்துலதான் குடியிருக்கோமா?" என்று கருமான் தொப்பியைக் கழற்றினான். போகட்டும். வகுத்தாலும் பதினாலு ஹெக்டேர் முப்பது ஆர்! அன்செல்மின் நாற்பதைப் பாரிஸ் அர்ப்பானாக வைத்து, ஒன்றுக்கு முப்பத்துநாலு புள்ளி இரண்டு ஆர் என்று கொஞ்சம் கூடவே போட்டுப் பெருக்கினாலும் பதிமூணு ஹெக்டேர் அறுபத்தெட்டு ஆர்தான் வருது. மூணு தரம் போட்டுப் பாத்துட்டேன் மாமா, நான்தான் பெரியவன். இத்தனை வருஷமா நான்தான் பெரியவனா இருந்திருக்கேன், அது தெரியாமலே கழுத்தத் தின்னுக்கிட்டிருந்திருக்கேன்! ஆகவே வருகிற திருநாளில் கத்தியை யாரிடம் தருவது என்பதைத் தங்கள் நியாய உணர்வுக்கே விட்டுவிடுகிறேன். அன்செல்முக்கு நெஞ்சுக்கறியில் ஒரு துண்டு கண்டிப்பாக வைப்பேன்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், அத்தைக்கு நல்ல தூக்கமும், தங்கள் பசுவுக்குச் சுகப்பிரசவமும் ஆண்டவர் அருள்வாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
பர்னபே

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் அன்செல்ம் ஒரு கூடை பேரிக்காயோடு வந்தான். வாய் சும்மா இருக்கவில்லை. உன் அர்ப்பான் பாரிஸ் அர்ப்பான்தானே என்று கேட்டுவிட்டேன். "இல்லண்ணே, எங்க ஊர்ல ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. பதினாறு ஹெக்டேரோ பதினேழோ வருதுன்னாங்க. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, பழத்தச் சாப்பிடுங்க" என்றான். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை; மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மரியாதையை ஹெக்டேரில் அளப்பது கேவலம் என்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு உபகாரம். நான் ஒரு மீட்டர் எழுபத்தொரு சென்டிமீட்டர் உயரம். அன்செல்ம் அங்கே வரும்போது பேச்சோடு பேச்சாகச் சுவரோரம் நிறுத்தி அளந்து எழுதவும். காலணியைக் கழற்றச் சொல்லுங்கள்.