தர்மோ வீட்டுத் தொட்டி

டார்ச்சை அடித்துப் பார்த்த கினாந்திக்கு அழுகையே வந்துவிட்டது. தர்மோ வீட்டுக் குளியல் தொட்டியில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கும்மாளமடித்துக்கொண்டிருந்தன.

“இபு, போன வாரந்தானே நானே தேய்ச்சுக் கழுவினேன்!”

“கழுவினதாலதான் கினான்,” என்றாள் தர்மோவின் மனைவி இபு வர்சி. “சுத்தமான தண்ணின்னா அதுங்களுக்கு உசிருன்னு நீதானே பாடம் எடுத்த? சரி சரி, வாழைப்பழம் பொரிச்சிருக்கேன். சூடா தின்னு.”

கினாந்தி தின்றாள். இந்தோனேசியாவின் செமாராங்கில் பெரியவர்களை அம்மா, ஐயா என்பதற்கு இபு, பாக் என்றுதான் கூப்பிட வேண்டும்; எந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் தின்றுவிட வேண்டும், அதுதான் மரியாதை. பொதுச் சுகாதாரம் படிக்க வந்த பெண் மூன்று வருடத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டது இதைத்தான் என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு.

இது கடைசி வருடம். களப்பணிக்கு அவளுக்குக் கிடைத்தது மெலாத்தி சந்து. வீடு வீடாகப் போய்க் கொசுப்புழுவை ஒழித்து, டெங்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவில் பேராசிரியர் பாக் ஹார்யோனோ நேரில் வந்து பார்ப்பார். ஒரே ஒரு புழு நெளிந்தாலும் மதிப்பெண் போச்சு, பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஊரில் அம்மாவோ பட்டமளிப்புக்கு ரோஜா நிறத்தில் கெபாயா சட்டை தைத்து, தெருவையே அழைத்துவர வேனும் பேசிவிட்டாள். இபு வர்சியின் பலகாரங்களால் அந்தக் கெபாயா இடுப்பில் ஏறுமா என்பதே இப்போது சந்தேகம்.

மெலாத்தி சந்தில் இதுவரை எந்த மாணவரும் தேறியதில்லை. பாவம், பேராசிரியரும் விடுவதாயில்லை. வாராவாரம் தானே வந்து, தர்மோ வீட்டுப் பின்பக்கம் போய், சோதனைக்கென்று பிளாஸ்டிக் பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவார். “இதுதான் தொழில் பக்தி” என்று மாணவர்கள் வியப்பார்கள். அவர் மேசைமேல் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. கொசு ஒழிப்புக்காக அரசாங்கம் கொடுத்தது என்பது அவர்களுடைய முடிவு. கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

அடுத்ததாகக் கினாந்தி தொட்டிக்குள் குட்டி மீன்களை விட்டாள். மறு வாரம் மீன்களைக் காணோம். புழுக்கள் மட்டும் கொழுத்துக் கிடந்தன.

“பாக், மீன் எங்கே?”

கூடத்தில் தன் சண்டைமீன் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பாக் தர்மோ நிமிரவில்லை.

“பிடிச்சு வாய்க்கால்ல விட்டுட்டேன். மீனா அது? ராட்சசப் பசி! ஒரே ராத்திரியில தொட்டியக் காலி பண்ணிடுச்சுங்க.”

“அதுக்குத்தானே பாக் விட்டேன்!”

“இருந்தாலும் இப்படியா? ஒரு அளவு வேணாம்?”

இந்த வீட்டை நம்பிப் பயனில்லை, சந்து முழுவதையும் சரிசெய்துவிடலாம் என்று எல்லா வீட்டுத் தொட்டியிலும் மீன் விட்டாள். அங்கேதான் வந்தது வினை. அதுவரை தொட்டியை ஒழுங்காக மூடி வைத்திருந்த வீடுகளிலெல்லாம் மூடி காணாமல் போனது.

“மூடி எங்க?” என்று கேட்டாள் கினாந்தி.

“மீனுக்கு மூச்சு முட்டாதா? ஈவு இரக்கமில்லாத பொண்ணா இருக்கியே!” என்றாள் எதிர்வீட்டு இபு சுமி. அவள் மீனுக்குப் பேரும் வைத்து, வேளாவேளைக்குச் சோறும் போட்டு வந்தாள். வயிறு நிறைந்த மீன் புழுவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் இருந்த புழு இப்போது சந்து முழுக்க.

சோதனைக்கு முதல் நாள் கினாந்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வீடு வீடாகத் தொட்டியை இறைத்தாள், தேய்த்தாள், மூடினாள். இபு சுமியின் மீனை மட்டும் கண்ணாடி ஜாடிக்குக் குடிமாற்ற நேர்ந்தது. அதற்கே தனியாக ஒரு சமாதானப் பேச்சுவார்த்தை.

கடைசியாகத் தர்மோ வீடு. தர்மோ எங்கோ வெளியே போயிருந்தார். தொட்டியை முடித்துவிட்டுப் பின்பக்கம் போனவள் திடுக்கிட்டு நின்றாள். தென்னங்கீற்று மறைப்புக்குப் பின்னால் வரிசையாகக் கறுப்பு வாளிகள். ஒவ்வொன்றிலும் புழு, பொங்கி வழிகிற புழு!

“கண்டுபிடிச்சுட்டேன்!” என்று கூவிக்கொண்டே ஒவ்வொரு வாளியாகக் காய்ந்த மண்ணில் கவிழ்த்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த இபு வர்சியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“ஐயையோ கினான்… அதையுமா?”

“சந்துக்கே இதுதான் இபு மூலகாரணம்! நாளைக்குப் பாக் ஹார்யோனோ வந்து பார்த்தா அசந்துடுவாரு!”

“அசந்துதான் போவாரு,” என்றாள் இபு வர்சி. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அதை விழுங்கிவிட்டு, “சோயா டெம்பே பொரிச்சிருக்கேன். தின்னுட்டுப் போ,” என்றாள்.

மறுநாள் பேராசிரியர் வந்தார். இஸ்திரி கலையாத பத்திக் சட்டை, ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் வழக்கமான பிளாஸ்டிக் பை. இபு சுமி வீட்டில் புழு இல்லை. அடுத்த வீட்டில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சந்தே பின்னால் திரண்டு வந்தது. கினாந்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

தர்மோ வீட்டுத் தொட்டியில் டார்ச் அடித்தவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

“ஒண்ணுகூட இல்லையா?”

“ஒண்ணுகூட இல்ல பாக்!”

“பின்பக்கம்?”

“அங்கதான் பாக் குவியலே இருந்துச்சு. மொத்தத்தையும் கொட்டிட்டேன்!”

பேராசிரியரின் முகம் வெளுத்தது. பையை மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மதிப்பெண் தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், திறந்தபடியே கினாந்தியை ஒரு பார்வை பார்த்தார். புழு இருந்தபோது தோற்ற மாணவர்களைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

“களப்பணியில… அவசரம் கூடாதும்மா,” என்றார். பேனா இறங்க மறுத்தது. கினாந்தியின் கண்முன்னே ரோஜா நிறக் கெபாயா காற்றில் பறந்தது.

அப்போதுதான் பொரித்த வாழைப்பழத் தட்டோடு, சந்து மொத்தத்தையும் விலக்கிக்கொண்டு வந்தாள் இபு வர்சி.

“கோவிச்சுக்காதீங்க பாக் புரொபசர்! போன வருஷம் கோப்பை ஜெயிச்ச உங்க சண்டைமீனுக்குத் தீனின்னு எங்க வீட்டுக்காரரு வாளி வாளியா புழு வளர்த்து வச்சது இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? அந்தக் கோவத்துல இவ மார்க்கைக் குறைச்சுடாதீங்க!”