நமுத்த அப்பளத்துக்கு முப்பத்தோரு சீட்டு

“அடுத்து, நம்ம சின்னப்பா மாமா விரும்பிக் கேட்ட பாட்டு... ‘கொசு பேட்ல சார்ஜ் இல்ல’!”

மேடையில் நின்ற மமதா சீட்டைப் பார்த்து வாசித்தாள். மூன்றாவது வரிசையில் வாய் நிறைய ஜாங்கிரியோடு உட்கார்ந்திருந்த சின்னப்பா மாமா எழுந்தே விட்டார்.

“நானா? நான் எப்பம்மா கேட்டேன்?”

“மாமா வெக்கப்படுறாரு. எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க!”

ஒரே ஒருவன் தட்டினான். ரவிக்குமார். தனியாகத் தட்டுகிறோம் என்பது தட்டிய பிறகுதான் தெரிந்தது. கையில் ஏதோ ஒட்டியிருந்ததுபோல உதறிவிட்டு, கூரையில் ஓடிய ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான்.

பாட்டு தொடங்கியது. தர்ஷினி கவிழ்த்துப் போட்ட பெயின்ட் பக்கெட்டைத் தட்டினாள். ஹரிஷ் குழந்தைகள் வாசிக்கும் குட்டி கீபோர்டில் வாத்து கத்துகிற பட்டனை அழுத்தினான். மமதா கண்ணை மூடிக்கொண்டு, கொசு பேட் சார்ஜ் ஆகாத ஒரு வீட்டின் துயரத்தை உருகி உருகிப் பாடினாள். முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

சுற்றி வளைப்பானேன்? இதெல்லாம் ரவிக்குமார் செய்த வேலை.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் கல்யாணம் என்றால் ஆர்க்கெஸ்ட்ரா உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் சீட்டு உண்டு. வந்தவர்கள் பேரையும் பிடித்த சினிமாப் பாட்டையும் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். பேரை மைக்கில் வாசிப்பார்கள். பாட்டு எப்படி இருந்தாலும் பேர் வந்துவிட்டால் அந்த மனுஷனுக்கு சாப்பாடு நன்றாக இறங்கும். காலையில் புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லி ரவிக்குமாரின் மச்சினி ஷோபாவுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. மத்தியான விருந்துக்கு முன்னால் பாட்டுக் கச்சேரி. “ஆர்க்கெஸ்ட்ரா பொறுப்பு உங்களுது” என்று பொண்டாட்டி சங்கமித்ரா ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டாள். வழக்கமாக வருகிற குழுவின் நம்பரையும் கொடுத்தாள்.

அந்த நம்பரை அவன் தொடவே இல்லை. கூப்பிட்டது ‘நமுத்த அப்பளம்’ குழுவை.

நமுத்த அப்பளம் என்று ஒரு பாட்டுக் குழு இருப்பது பெங்களூரில் மொத்தம் ஏழு பேருக்குத் தெரியும். அதில் மூன்று பேர் அந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். இந்திராநகரில் ஒரு காபி கடை மாடியில் போன மாதம் பாடினார்கள். ஆறு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ரவிக்குமார் பெருமையாக எண்ணினான். நடுவில், சொல்லி வைத்திருந்த பார்சல் வந்ததும் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கு ஹரிஷ் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டே சொன்னான்: “சாக்கு, போதும் அண்ணா. அந்தக் கல்யாணத்துல ஒரு தடவை பாடுறோம். அங்கயும் யாரும் கேக்கலன்னா இதை அக்கா பையனுக்குக் கொடுத்துடுறேன். அவனாவது வாத்தை ஒழுங்கா வாசிப்பான்.”

ஆக, இன்றைக்கு இந்த மண்டபம் கேட்டால் நமுத்த அப்பளம் உண்டு. கேட்காவிட்டால் இல்லை.

அதற்குத்தான் ரவிக்குமார் ராத்திரி பகலாக யோசித்தான். அப்பளத்துக்கு ஒரு சினிமாப் பாட்டும் தெரியாது. தெரிந்தாலும் பாட மாட்டார்கள், அவ்வளவு கொள்கை. சனங்கள் சினிமாப் பாட்டுதான் எழுதித் தருவார்கள். அதனால் ‘சீட்டு டப்பா என்கிட்ட இருக்கட்டும்’ என்று தானே வாங்கி வைத்துக்கொண்டான். வந்த சீட்டெல்லாம் அவன் சட்டைப் பைக்குப் போனது. பையிலிருந்து வேறு சீட்டு மேடைக்குப் போனது. முப்பத்தோரு சீட்டு. முப்பத்தோரு சொந்தக்காரர்கள் பேரில், பச்சை மை, சிவப்பு மை, இடது கை, வலது கை என்று மாற்றி மாற்றி அவனே எழுதியது.

“அடுத்த பாட்டு, நம்ம உஷா அக்கா விரும்பிக் கேட்டது... ‘பார்க்கிங்ல யார் வண்டி’!”

“உஷாவா?” என்று பின்வரிசையில் ஒரு குரல். “அவ மைசூர்ல ஆஸ்பத்திரியில இருக்கா. நேத்துதான் பொண்ணு பொறந்திருக்கு.”

ரவிக்குமார் மறுபடியும் ஃபேனைப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் பட்டுப்புடவை சரசரத்தது. சங்கமித்ரா வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க.”

“ம்.”

“ஆர்க்கெஸ்ட்ரா நல்லா இருக்கு.”

இவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“வழக்கமா வர்றவங்க எங்க?”

“பாடகருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம்.”

“அங்க நாலு பேர் பாடுவாங்களே?”

“நாலு பேரும் ஒண்ணா ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்காங்க போல.”

“டிரம்ஸ் அடிக்கிறவரு?”

“அவரும்தான்.”

“டிரம்ஸுக்குத் தொண்டை எதுக்குங்க?”

ரவிக்குமார் சட்டைப் பையைத் தடவினான். அவளோ மேடையைப் பார்த்து ரசிப்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

“நம்ம ஜனங்களுக்குத் திடீர்னு ரசனை மாறிப்போச்சுங்க. எங்கம்மா ‘குக்கர் நாலு விசில்’ கேட்டாங்களாம். எங்கம்மா வீட்ல குக்கரே கிடையாது.”

“வாங்கணும்னு ஆசையா இருக்கும்.”

“அப்புறம் இன்னொண்ணு.” முந்தானையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். “சின்னப்பா மாமா தச்சு வேலை பாக்குறவரு. அவரு எழுதின சீட்டுக்குப் பின்னால எதுக்குங்க உங்க லிஃப்ட் கம்பெனி பேரும் ‘சர்வீஸ் செய்த தேதி’யும் அச்சடிச்சிருக்கு?”

ரவிக்குமார் லிஃப்ட் மெக்கானிக். சீட்டு கிழிக்கக் கைக்குக் கிடைத்தது கம்பெனி புத்தகம். முன்பக்கத்துக்கு மை மாற்றினான், கை மாற்றினான். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான்.

“சங்கு, நான் சொல்றதைக் கேளு...”

“வியாழக்கிழமையே தெரியும்.”

“என்ன?”

“வியாழக்கிழமை நான் அந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கு போன் பண்ணேன். ‘எங்களை யாரும் கூப்பிடலையே மேடம்’னாங்க. அப்புறம் உங்க போனைப் பார்த்தேன். ‘மோட்டார் கிரீஸ்’னு ஒரு நம்பரு. அதுக்கு நீங்க ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பேசியிருக்கீங்க. கிரீஸோட என்ன பேச்சுன்னு நானும் அடிச்சேன். ‘நமஸ்காரா, நமுத்த அப்பளம்’னு ஒரு பொண்ணு எடுத்துச்சு.”

“அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாமே!”

“சொல்லத்தான் அடிச்சேன். அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சிடுச்சு. ஒரு மணி நேரம் பேசிச்சு.”

“ஒரு மணி நேரமா?” என்று ரவிக்குமார் பாதி எழுந்தே விட்டான்.

ஏனென்றால் மமதாவுக்கு ஒரு விஷயம் தெரியும். உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போனவன், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். கூட இருந்தது டியூஷன் எடுக்க வந்த மமதா. கரண்ட் போனது. விளக்கு போனது. மெக்கானிக்குக்கு மூச்சு முட்டியது. பதினைந்து வருஷமாக அடுத்தவர்களை லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டவன், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுதான். சும்மா இல்லை, வாய்விட்டு. பொண்டாட்டி பேரைச் சொல்லி. பயம் ஏற ஏற ஒவ்வொரு சத்தியமாகச் செய்துகொண்டே போனான். அந்தப் பெண் அவனைத் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இருட்டிலேயே லிஃப்ட் கதவில் தாளம் தட்டி, அவன் சொல்வதையே ராகம் போட்டுப் பாடினாள். ஒன்றரை மணி நேரம். மூச்சு திரும்ப வந்தது. கதவு திறந்ததும் அவள் சொன்னாள்: “இதை எங்க குழுவுல பாட்டாக்கிடுவேன் அண்ணா. ஆனா நீங்களா கேட்டாத்தான் பாடுவேன். பிராமிஸ்.”

அவன் கேட்கவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் குழுவுக்காக நாயாக அலைந்தான். கேட்டவர்களிடம் ‘புது முயற்சி, வித்தியாசமான இசை’ என்று என்னென்னவோ சொன்னான். உண்மை அது இல்லை. அந்த இருட்டில் அவனுக்கு ஒருத்தி பாடினாள். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

“என்ன சொன்னா அவ?” என்று கேட்டான்.

“நல்ல பொண்ணுங்க” என்றாள் சங்கமித்ரா.

இதற்குள் முன்வரிசையில் கலவரம். மாமியார் சரசு அம்மாள் எழுந்து மேடைக்கு நடக்க ஆரம்பித்திருந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் குட்டி புளூடூத் ஸ்பீக்கர்.

“யம்மா பக்கெட்டு! போதும், எறங்குங்க! என் பொண்ணு கல்யாணத்துல வாத்து கத்துது, சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? நான் இதுல பாட்டு போட்டுக்கிறேன்.”

தர்ஷினி பக்கெட்டை நிமிர்த்தினாள். ஹரிஷ் உறையின் ஜிப்பைத் திறந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் ரவிக்குமாரால் உட்கார முடியவில்லை. எழுந்து, “அத்தை, ஒரே ஒரு பாட்டு...” என்றான். யார் காதிலும் விழவில்லை.

சங்கமித்ரா எழுந்தாள். ஒரு தம்ளர் மோரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். “அம்மா, கடைசியா ஒண்ணு. அது முடிஞ்சதும் சாப்பாடு” என்று சரசு அம்மாளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மோரை மமதாவிடம் கொடுத்தாள். தம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது.

மமதா பிரித்தாள். படித்தாள். சிரித்தாள்.

“கடைசிப் பாட்டு. இதை இதுவரைக்கும் எங்கயும் பாடினதில்ல. நம்ம ரவிக்குமார் அண்ணன் விரும்பிக் கேட்ட பாட்டு... ‘நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல’!”

“நானா?” என்றான் ரவிக்குமார். “நான் எப்ப கேட்டேன்?”

“மாப்ள வெக்கப்படுறாரு” என்றார் சின்னப்பா மாமா. அவருக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

பக்கெட் மெதுவாக ஆரம்பித்தது.

*நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நின்னு போச்சு லிஃப்ட்டு,*
*ரிப்பேர் பண்ண வந்தவரே உள்ளாற மாட்டிக்கிட்டாரு.*
*ஸ்க்ரூ டிரைவர் கையில இருக்கு,*
*தைரியம் மட்டும் வீட்டுல இருக்கு,*
*சங்கு, சங்கு, சீக்கிரம் வா சங்கு!*

முதலில் சிரித்தது மணமகள் ஷோபா. அடுத்து மணமேடை மொத்தமும். முந்நூறு தலையும் ஒரே நேரத்தில் ரவிக்குமார் பக்கம் திரும்பியது. அவன் நாற்காலியில் கால்வாசியாகச் சுருங்கினான். பாட்டோ விடுகிற மாதிரி இல்லை. அடுத்து வந்தது சத்தியங்கள்.

*உசுரோட வந்தா ஞாயித்துக்கிழமை பாத்திரம் நானே கழுவுறேன் சங்கு,*
*சாம்பாருக்கு முகம் சுளிச்சா நாக்கை நீயே நறுக்கு சங்கு,*
*உங்கம்மா வந்தா தலைவலின்னு இனிமே படுக்க மாட்டேன் சங்கு!*

“அடப்பாவி மாப்ள!” என்று கத்தினார் சரசு அம்மாள். “அந்தத் தலைவலி எல்லாம் பொய்யா?”

மண்டபம் இடிகிற மாதிரி சிரித்தது. வயசானவர்கள் நாற்காலிக் கையைத் தட்டினார்கள். மூன்றாவது தடவை ‘சங்கு, சங்கு’ வந்தபோது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடச் சேர்ந்து பாடினார்கள். சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து ஆடவே ஆரம்பித்தார். ஹரிஷ் வாத்து பட்டனை அழுத்தினான். அதற்கும் விசில் பறந்தது. அவன் நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினான். இன்னொரு விசில். அந்தப் பையன் முகம் பளிச்சென்று ஆனதை ரவிக்குமார் பார்த்தான். மானம் போய்க்கொண்டிருந்தது, அது வேறு. ஆனால் முந்நூறு பேர் கேட்கிறார்கள். நமுத்த அப்பளத்தை! அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“அழுறீங்களா?” என்றாள் சங்கமித்ரா. எப்போதோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏசி காத்து.”

“இது ஃபேனு.”

பிறகு அவள் மேடையைப் பார்த்தபடியே சொன்னாள்: “அந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்கு கூட இல்லன்னா உங்களுக்கு என்ன ஆயிருக்குமோங்க. வியாழக்கிழமை போனை வச்சுட்டு நான் ரொம்ப நேரம் அழுதேன். அவங்களுக்கு ஒரு மண்டபம் நிறைய ஆளு காட்டணும்னு அப்பதான் முடிவு பண்ணேன். உங்க பச்சை மை சீட்டை வச்சு அது நடக்காதுன்னும் தெரிஞ்சுச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சங்கு.”

“நீங்க மூணு வருஷமா சொன்னீங்களா?”

அவள் விரல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. அவனுக்கு மேடையில் இருந்த மூன்று பேருக்கும், பக்கத்தில் இருந்த ஒருத்திக்கும் சேர்த்துக் கும்பிடு போட வேண்டும்போல இருந்தது.

பாட்டு முடிந்தது. “ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!” சரசு அம்மாள்தான் எல்லாருக்கும் மேலே கத்தினார். ஸ்பீக்கர் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

மமதா கையை உயர்த்தினாள். “பாடுறோம். ஆனா நான் அண்ணனுக்கு ஒரு பிராமிஸ் பண்ணியிருக்கேன். அவர் கேட்டாத்தான் இந்தப் பாட்டு. அண்ணா, ஒன்ஸ் மோர் சொல்லுங்க!”

சின்னப்பா மாமா எங்கிருந்தோ இன்னொரு மைக்கைக் கொண்டுவந்து அவன் வாய்க்கு நேராக நீட்டினார்.

சங்கமித்ரா அவன் காதோரம் குனிந்தாள். “சொல்லுங்க. நீங்க வளர்த்த குழு. போன தடவை இருட்டுல ஒரு பொண்ணு முன்னாடி சத்தியம் பண்ணீங்க. இந்தத் தடவை வெளிச்சத்துல, முந்நூறு சாட்சி, எங்கம்மா உட்பட. பாத்திரம், சாம்பார், தலைவலி, மூணையும் ஒண்ணொண்ணா இன்னொரு தடவை கேட்டுக்கலாம். வாயைத் திறங்க.”

ரவிக்குமார் வாயைத் திறக்கவில்லை, தலைவலி வந்தவன்போல நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.